கிணற்றடியில் புதைத்த வீணை

தொண்ணூறுகளில் நானும் அண்ணையும் லண்டன் இசை மண்டபமொன்றில் வேலை செய்தோம். ஒருநாள் சீனாவிலிருந்து நாஷி இன முதியவர்கள் வந்து தங்கள் பழைய இசையை வாசித்தார்கள். அந்த இசைக்குத் தடை இருந்த காலத்தில் வாத்தியங்களை மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்களாம். அதைக் கேட்டதும் சபையே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். அண்ணை தட்டவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு ஓடும்போது அவரும் தன் வீணையை வீட்டுக் கிணற்றடியில் புதைத்தவர்.

வேலை முடிந்து வட லண்டன் எட்மண்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆறுதலாகச் சொன்னேன்: "உங்கட வீணையும் பத்திரமா இருக்கும், அண்ணை."

"அந்தச் சீனத்து ஆக்கள் தங்கட வீட்டு வளவிலை தோண்டி எடுத்தவை. எங்கட வளவிலை இப்ப ஆமிக் காம்ப். அவங்களிட்டையே மண்வெட்டி கேக்கச் சொல்லுறியோ?"

கலையைக் காப்போம் என்று யார் மேடையில் முழங்கினாலும் இப்போது நான் கைதட்டுவதில்லை. வளவைப் பறிகொடுத்தவர்கள் வீணையை எங்கே புதைப்பது?