அப்பாவுக்கு எடுத்து வைத்த டோனட்

எனக்கு ஐந்து வயது வரை, அப்பா என்பவர் எங்கள் குண்டசாலை வீட்டுத் தொலைபேசிக்குள் இருந்தார். நான் நடக்கத் தொடங்கும் முன்பே கத்தாருக்குப் போய்விட்டவர் அவர். வெள்ளிக்கிழமை தோறும் மணி அடிக்கும். எப்போதும் ஒரே ஒழுங்கில் கேட்பார்: முதலில் சாப்பிட்டேனா, பிறகு அம்மாவுக்குத் தொல்லை கொடுத்தேனா, கடைசியில் எனக்கு என்ன வேண்டும். நான் யோசித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் குரல் நின்றுவிடும். "கார்டு முடிஞ்சிருச்சு" என்று அம்மா ரிசீவரை வாங்கி வைப்பாள்.

அவர் திரும்பி வந்தபோது சிக்கல் தொடங்கியது. கல்யாணப் படத்தில் இருந்தவருக்கு அடர்ந்த மீசையும் தலை நிறைய முடியும் இருந்தன. விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கியவருக்கு இரண்டும் இல்லை. "அப்பா வந்திருக்காருடி, கிட்ட போ" என்று அம்மா தள்ளிவிட்டாள். நான் மரியாதையாக "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெரியவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அவர்மேல் சந்தேகமும் இருந்தது. அவர் வந்த பிறகு தொலைபேசியில் அப்பா பேசவேயில்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் தொலைபேசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டோனட் சுடுவோமா?" என்றார். கத்தாரில் லீவு நாளில் ஒரே அறையில் தங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து கடையில் ரெடிமேட் மா வாங்கிச் சுடுவார்களாம்.

குண்டசாலையில் அப்படி மா எங்கே கிடைக்கும்? என்னையும் கூட்டிக்கொண்டு சந்தியிலிருந்த பேக்கரிக்குப் போனார். கடைக்காரர் அக்குறணை ஊர்க்காரர். "பனிஸே சுடச்சுட இருக்கு தம்பி, வெறும் மாவ வாங்கிட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க?" என்றார். ஆனாலும் பனிஸ் என்னும் இனிப்பு பன்னுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளிக் கொடுத்தார். வழியெல்லாம் அந்தப் பை என் கையில் இருந்தது. ஈரமாகவும் லேசாகப் புளித்த மணத்தோடும் இருந்தது.

வீட்டில் அம்மாவுக்குப் பொறுமை இல்லை. ஓட்டை போட்ட பலகாரம் என்றால் அவளுக்கு வடைதான். வாழையிலைத் துண்டில் எண்ணெய் தடவி, மாவைத் தட்டி, ஈரக் கட்டைவிரலால் நடுவில் குத்தி எண்ணெயில் போட்டாள். சடசடவென்று தெறித்தது. ஓட்டை மெல்ல மூடிக்கொண்டு, தொப்புள் வைத்த உருண்டையாக மேலே வந்தது.

"என்ன இது, கொழுக்கட்டையா?" என்றார் அவர்.

"ஆமா, கத்தார் கொழுக்கட்டை. நீங்களே சுடுங்க, நான் பாக்குறேன்."

அவர் மாவைத் தட்டையாக்கி, கிளாஸால் வட்டம் வெட்டினார். நடுவில் போத்தல் மூடியால் இன்னொரு வட்டம். எல்லாவற்றையும் துணியால் மூடி வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இது உப்பி வரணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. பாத்துக்கிறியா குட்டி?"

பொறுப்பு என்றால் எனக்கு அப்போதே பிடிக்கும். அலுமாரியை மறந்து அவர் பக்கத்தில் குந்திக்கொண்டேன். துணி மெல்ல மெல்ல உயர்ந்தது. ஈஸ்ட் என்ன செய்கிறதென்று பின்னாளில் ஆய்வுகூடத்தில் படித்தேன். அன்று, மா தூக்கத்தில் மூச்சு விடுவதாக அவர் சொன்னதே போதுமானதாக இருந்தது.

இந்த முறை எண்ணெயில் போட்டபோது ஓட்டைகள் மூடவில்லை. சீனியில் புரட்டி, போத்தல் மூடி வெட்டிய குட்டி உருண்டைகளை முதலில் எனக்குத்தான் தந்தார். எல்லாவற்றையும் தின்று முடித்து, பெரிய டோனட் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, தொலைபேசி மேசைக்குக் கொண்டுபோனேன்.

"யாருக்குடி?" என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு."

"இவருதானேடி உன்..." என்று தொடங்கிய அம்மாவை அவர் கையால் மறித்தார். கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவால் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. நான் பாய்ந்து எடுத்தேன்.

"சாப்பிட்டியா குட்டி?"

"டோனட் சாப்பிட்டேன்! ஒரு மாமா வந்திருக்காங்க, அவங்க சுட்டாங்க. உங்களுக்கும் ஒன்னு வச்சிருக்கேன்."

அன்று அப்பா வழக்கமான இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. "அந்த மாமா எப்படி? நல்லவரா?" என்றார்.

நான் யோசித்தேன். "நல்லவங்கதான். ஆனா எப்ப பாத்தாலும் என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அப்ப போகச் சொல்லிரவா?"

"வேணாம், வேணாம். நீங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

அந்தப் பக்கம் குரல் நின்றுவிட்டது. "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"கார்டு முடிஞ்சிருச்சும்மா" என்று ரிசீவரை வைத்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

டோனட் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா எப்போது வந்து சேர்வது? தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மாமா கைத்தொலைபேசியைப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "இத நீங்களே சாப்பிடுங்க" என்று நீட்டினேன்.

குனிந்து வாங்கினார். யாருக்கு எடுத்து வைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் பங்கு என்று தெரிந்தும், தன்னுடையதைப் போலவே சாப்பிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.