தட்டிப் பார்க்கிறவரின் இருமல்

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனியில் ஊறுகாய் ஜாடி செய்கிறோம். சூளையிலிருந்து இறக்கிய ஜாடியைச் சின்னக் கட்டையால் தட்டிப் பார்க்கிற வேலை கொளஞ்சியப்பன் அண்ணனுடையது. நல்ல ஜாடி டங்கென்று சத்தம் கொடுக்கும். மயிர் மாதிரி விரிசல் இருந்தாலும் டப்பென்று அடங்கிவிடும். இருபத்திரண்டு வருசமாக அந்த ஸ்டூல் அவருக்குத்தான். அதற்கு முன்னால் மண் சலித்தார், மூட்டை தூக்கினார். இப்போது ஐம்பத்தாறு வயசு. தூக்குகிற வேலை இனி ஆகாது. ஸ்டூல் போனால் வூட்டில்தான் உட்கார வேண்டும்.

போன மாசம், மங்கலம்பேட்டை நைனா முகம்மது பாய் கடையிலிருந்து ஒரு வண்டி ஜாடி திரும்பி வந்தது. எண்ணெய் கசிகிறதாம். நான்தான் இறக்கினேன். முதலாளி விருத்தகிரி ஒரு ஜாடியை எடுத்துத் தட்டினார். டப்.

"என்னா கொளஞ்சி, காது அடைச்சிப் போச்சா?"

"காது நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்ப தூங்கிக்கிட்டே தட்டுனியா? அடுத்த வாரம் வேற ஆளப் பாத்துக்குறேன்."

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கிறதற்குள் முதலாளி ஆபீசுக்குள் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டுகிற நேரம் இருமல் வந்தால் ஜாடியின் சத்தம் கேட்காது. எண்ணிக்கை குறையக் கூடாதென்று அதையும் நல்லதோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

மறுநாள் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்கிற தூரம்தான். மூன்று இடத்தில் நின்றார். டாக்டரம்மா ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மறுபடி ஊதச் சொன்னார். பலூன் ஊதுகிற காற்றுகூட வரவில்லை.

"பீடி எத்தன வருசமா?"

"பதினேழு வயசுலேருந்து. மண்ணு தின்ன நெஞ்சும்மா. பீடி இழுத்தாதான் கபத்தோட மண்ணு வெளிய வரும்."

"யாரு சொன்னது?"

"கம்பெனியில எல்லாருந்தான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் அதைச் சொல்லித்தான் முப்பது வருசமாகக் குடிக்கிறேன்.

"மண்ணும் கெடுத்திருக்கு. பீடி அதுக்கு மேல கெடுத்திருக்கு. மூச்சுக்குழாய் சுருங்கிப் போச்சி. இந்த மாசம் உங்க கம்பெனியிலேருந்து நீங்க நாலாவது ஆளு. நாலு பேரும் இதே கததான் சொல்றீங்க."

"சரியாயிடுமாம்மா?"

"போனது வராது. பீடிய விட்டா, மிச்சம் இருக்கறது சீக்கிரம் போவாது."

"வெந்த ஜாடியில விரிசல் ஒட்டாதும்மா. தெரியும்," என்றார்.

வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப்பு ஒன்று கொடுத்தார்கள். சனிக்கிழமை அண்ணன் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"இருமறப்ப சத்தம் கேக்கலிங்க. சொல்ல வெக்கமா இருந்துது. இனிமே இருமல் நின்னப்புறம் அதே ஜாடிய மறுபடி தட்டுறேன். எண்ணிக்க கொறையும்."

"பீடி?"

"வுட்டு நாலு நாளாச்சி."

"ஒரு மாசம் பாக்குறேன். ஒரு ஜாடி திரும்பி வந்தாலும் எழுந்திரிச்சிடணும்."

இது மூன்றாவது வாரம். பதினோரு மணி டீக்கு நாங்கள் கேட் பக்கம் போய்ப் பற்ற வைக்கிறோம். அண்ணன் வருகிறதில்லை. புகை நெடி பட்டால் கை தானாக நீளுதாம். உள்ளே தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். டங். டங். பிறகு இருமல், ரொம்ப நேரத்துக்கு. அது நின்றதும் மறுபடி ஒரு தட்டு.

இன்றைக்கு அது டப்பென்றது. எட்டிப் பார்த்தேன். ஜாடியை மடியில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் அடங்கியதும் குனிந்து, அதை உடைசல் பக்கம் தள்ளிவைத்தார்.