இரண்டு கட்டையில் பாடியவர்

எனக்கு ஹார்மோனியம் வாசிக்கத் தெரியும் என்று சொன்னால் அது பாதிப் பொய். என் வீட்டுக்காரர் பாடினால் கூடவே வாசிக்கத் தெரியும். வேறு யார் பாடினாலும் வராது. ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

நான் கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை செய்கிறேன். அவர் மட்டாஞ்சேரி பஜாரில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு குடும்பமும் தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. தமிழைவிட மலையாளம்தான் எனக்கு வேகமாக வாசிக்க வரும். ஆனால் வீட்டில் சண்டை தமிழில்தான். அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பாடுவார். பழைய சினிமாப் பாட்டு, தமிழும் மலையாளமும். கோயில் பஜனைக் குழு புதுப் பெட்டி வாங்கியபோது தள்ளிவிட்ட பழைய ஹார்மோனியம் எங்களுக்கு வந்தது. நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். அவருடைய சுருதி இரண்டு கட்டை. அந்தக் கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டால் அவர் தொண்டைக்குச் சரியாக இருக்கும், அவ்வளவுதான் விஷயம். எனக்கு அது தெரியாது. ஊர் உலகத்துக்கே அந்தக் கட்டைதான் ஸ என்று நினைத்தேன். சிவப்பு நகப்பாலீஷ் எடுத்து அதில் ஒரு பொட்டு வைத்தேன். ரி, க, ம என்று மற்றதற்கும் ஒவ்வொரு பொட்டு. பொட்டைப் பார்த்து விரல் போகும்.

அப்புறம் அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் சொன்னார், குரல் மாறலாம் என்று. நாங்கள் தலையாட்டினோம். ஆள் பிழைப்பாரா என்று கேட்கிற நேரத்தில் பாட்டைப் பற்றி யார் கேட்பார்கள்.

ஆள் பிழைத்தார். குரல் கரகரத்துக் கீழே இறங்கிவிட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தார், முதல் வரியே உடைந்தது.

“பெட்டி மேல நிக்குதுடி. நான் கீழ நிக்கறேன். நீ கீழ வா” என்றார்.

“எப்படி வரணும்?”

“எனக்கெங்க தெரியும். நீதான பெட்டிக்காரி.”

நான் மூன்று கட்டை கீழே தள்ளி ஆரம்பித்துப் பார்த்தேன். பொட்டெல்லாம் பழைய இடத்திலேயே இருந்தது. கன்னாபின்னாவென்று வந்தது. அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். ஆட்டோ ஓட்டும்போதுகூட பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறவர். அதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் பேச்சும் குறைந்தது. அவர் குரல் இப்போது நிற்கிற இடத்துக்குப் பாட்டை இறக்கிக் கொடுத்துவிட்டால் மறுபடியும் பாடுவார் என்று நான் நம்பினேன். நான் கற்றுக்கொள்வதுதான் பாக்கி.

எங்கே கற்பது? மொபைலில் பார்த்தேன். ஒருத்தன் தன் கதையைச் சொல்லி முடிக்கவே கால் மணி நேரம் ஆகிறது. அப்புறம் மணியை அழுத்து என்கிறான். இன்னொருத்தி கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் போட்டு அதைச் சுற்றி எழுத்து எழுதினாள். வட்டம் எதற்கு என்று கடைசிவரை சொல்லவில்லை.

காக்கநாட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று தெரிந்தது. படகில் எறணாகுளம், அங்கிருந்து பஸ். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் புதுக் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரும் சின்ன வயசுக்காரர். கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டு, இது என்ன என்று என்னைக் கேட்டார்.

“ஸ” என்றேன்.

“ஸ அல்ல சேச்சி. இது டி.”

“எங்க வீட்ல அதுதான் ஸ.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “ஸ எவிடெ வேணமெங்கிலும் வைக்காம் சேச்சி” என்றார்.

எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமாம். இத்தனை வருஷம் இது தெரியாமல் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

“அப்ப மூணு கட்டை கீழ வச்சு அதே பாட்டை எப்படி வாசிக்கறது?”

“அது செகண்ட் லெவல். ஆறு மாசம் கழிஞ்ஞிட்டு.”

“ஆறு மாசம் என் வீட்டுக்காரர் வாயை மூடிட்டு இருக்கணுமா?”

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. கீபோர்டில் ஒரு பட்டனைக் காட்டி, இதை அழுத்தினால் தானாகவே இறங்கிவிடும் என்றார். எங்கள் பெட்டியில் பட்டன் இல்லை என்றேன். அப்படியானால் கீபோர்டு வாங்குங்கள் என்றார். வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் போர்டில் ஒரு வரி எழுதியிருந்தார். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. ஸவிலிருந்து மேல் ஸவரைக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் எத்தனை கட்டை ஏற வேண்டும் என்ற கணக்கு, வெள்ளையும் கறுப்பும் சேர்த்து. ஸ எங்கே இருந்தாலும் கணக்கு மாறாது. திரும்பி வருகிற படகில் முழங்கால்மேல் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தேன். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். எந்தப் பயலும் சொல்லவில்லை. கட்டைக்குப் பெயர் சொல்லியே மாசக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கற்றுக்கொள்ள வழி கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு வேண்டிய ஒரு பாட்டோடு போங்கள். அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லாத இடத்தில் உட்காராதீர்கள். நான் மறுபடி அங்கே போகவில்லை.

ரிமூவர் வாங்கிப் பொட்டையெல்லாம் அழித்தேன். விடியற்காலை வேலை முடிந்து வந்து, அவர் பஜாரில் இருக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்வேன். மூன்று கட்டை கீழே இறங்கினால் கறுப்புக் கட்டைதான் அதிகம். விரல் வழுக்கும். முதலில் வாயால் பாடி, அப்புறம் விரலால் தேடி, ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டேன். அது வந்த பிறகு மற்றவை கொஞ்சம் சீக்கிரம் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்தேன். என் விரலையே பார்த்தார்.

“எங்கடி கத்துகிட்ட?”

“காக்கநாட்டுல. பாடுங்க.”

பாடினார். முதல் வரி பொருந்தி உட்கார்ந்தது. சரணம் மேலே ஏறுகிற பாட்டு அது. ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. இன்னும் இரண்டு கட்டை இறக்கினேன். இப்போது எனக்கு இறக்கத் தெரியுமே. சரணம் எப்படியோ வந்தது, ஆனால் பல்லவியின் கீழ்ப்பகுதி வெறும் காற்றாகப் போனது. ஒரு கட்டை ஏற்றினேன். இரண்டும் வரவில்லை.

பாட்டு எங்கே தொடங்குகிறது என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கவில்லை. அவர் தொண்டையில் மிச்சம் இருந்தது நாலைந்து கட்டை அகலம். அந்த அகலத்துக்குள் அந்தப் பாட்டு எந்த ஸவில் வைத்தாலும் அடங்காது. அவருக்குப் பிடித்த ஒரு பாட்டும் அடங்காது.

“சின்னதா ஏதாவது பாட்டு இருக்கும். தாலாட்டு இருக்கே” என்றேன்.

“பிள்ளைங்கல்லாம் கல்யாணம் ஆகிப் போயாச்சு. யாரைத் தூங்க வைக்க?”

“அப்ப வரியைப் பேசுங்க. நான் வாசிக்கறேன்.”

“பேசறதுக்கு எதுக்குடி பெட்டி. மதி, எடுத்து வை.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து சரணத்தை வாசித்தேன். தனியாகப் பழகும்போதுகூட நானே வாயால் பாடிக்கொள்வேன்; யாருமே பாடாமல் நான் வாசிப்பது அதுதான் முதல் தடவை. அவர் மூச்சு விடுகிற இடத்தில் நிரப்புவதுதான் என் வேலையாக இருந்தது. இப்போது நிரப்புகிற துண்டுகள் மட்டும் கேட்டன, நடுவில் எல்லாம் பொத்தலாக இருந்தது. தப்பில்லாமல் கடைசிவரை வாசித்தேன். நிமிர்ந்தபோது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு சாயாக் கடைக்குப் போயிருந்தார்.