சமதரையில் ஒரு டீசல் வேன்

டீசல் வண்டிகளுக்கு எண்ணெயும் பெட்டரியும் விற்பது, ஊர் உறங்கும் நேரத்தில் ஊரார் வண்டிகளுக்கு என்ன நேர்கிறது என்று கவலைப்படும் தொழில். விடியற்காலைக் குளிரில் சாவியைத் திருப்பி, எஞ்சின் முனகிவிட்டு அடங்குவதைக் கேட்டு, அயலவர் முன்னிலையில் தலைகுனிந்திருக்கும் அன்பர்களே, இது உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

அந்த மார்கழிக் காலையில் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான கீழ் லயத்துக்கு முன்னுள்ள சமதரையில் நின்றவர்கள் ஐவர்: தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பண்டார, வேன் சாரதி சிவலிங்கம், மெக்கானிக் பியதாச, தோட்டத்து மருத்துவிச்சி லெட்சுமி, நிவித்திகல கடைவீதியில் எண்ணெய்க் கடை நடத்திய நான். எங்கள் நடுவே, இரவு முழுவதும் பனியில் நனைந்த பழைய டீசல் வேன் ஒன்று நின்றது. சாவியின் முதல் திருப்பில் அது உயிர் பெற்றால் தோட்டத்திலேயே இருக்கும். பெறாவிட்டால் விற்கப்படும், பிள்ளைத்தாய்ச்சிகள் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு டிராக்டர் பெட்டியில் போவார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. அந்தக் காலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போத்தல் சொன்ன வானிலை

குளிர் என்றதும் நுவரெலியாவை நினைக்க வேண்டாம். எங்கள் சப்பிரகமுவ மலைச்சரிவின் பனி புல்லை வெளுக்க வைக்காது. மனிதருக்கு ஒரு கம்பளியும் ஒரு கோப்பைத் தேநீரும் போதும். ஆனால் டீசல் எஞ்சினுக்குத் தேநீர் கொடுக்க முடியாது. காற்றை இறுக்கி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் எஞ்சின் அது. குளிரில் எண்ணெய் தடித்துவிட்டால், பெட்டரியின் பலம் எல்லாம் எஞ்சினைச் சுழற்றுவதிலேயே தீர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டுகள் பௌதிகவியல் கற்பித்த எனக்கு இதை விளக்குவது கடினமன்று. கேட்பவர்களுக்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

ஆகவே கடை மேசையில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயை வைத்தேன். காலையில் அது மெழுகாக உறைந்திருந்தால், வந்த சாரதியிடம் காட்டி, "உங்கள் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயும் இப்படித்தான் தடித்திருக்கும், குளிரிலும் இளகி ஓடும் எண்ணெயாக மாற்றுங்கள்" என்பேன். முதல் நாள் ஒரு கொழுந்து லொறிச் சாரதி போத்தலைக் கையில் எடுத்து, கவிழ்த்து, ஆட்டிப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "வெளங்குதுங்க டீச்சரம்மா. அப்ப எத்தனை போத்தல் தேங்காண்ணெய் ஊத்தணுமுங்க?"

கெட்டியே பலம்

பண்டார துரை வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஒரு டீசல் ஜீப்பை வாங்கியிருந்தார். அதற்கு எண்ணெய் வாங்கத் தாமே கடைக்கு வந்தார். குளிரில் இளகியும் சூட்டில் தன் பிடியை விடாமலும் நிற்கும் எண்ணெயை நான் எடுத்து வைத்தேன். அவர் ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். தாழ்நாட்டு வெயிலில் பாரம் இழுக்கும் லொறிகளுக்கென நான் வைத்திருந்த ஐம்பதாம் இலக்க எண்ணெயைச் சுட்டிக் காட்டினார். அது தேன்பாகு போல இறங்கும். அவருக்கு அதுவே பிடித்திருந்தது.

பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே மட்டும் ஓடும் ஜீப்பின் பெட்டரி நிரம்புவதற்குள் பயணம் முடிந்துவிடும் என்றும், அந்த அரைகுறைப் பெட்டரியால் இந்த எண்ணெயைக் குளிரில் சுழற்ற முடியாது என்றும் எடுத்துரைத்தேன். எதையும் ஒருமுறைதான் விளக்குவேன்; இரண்டாம் முறை விளக்குவது கெஞ்சுவதாகும். துரை டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "டீச்சர், அது உங்க பழைய வண்டிகளுக்கு. என் ஜீப் தினமும் காலையில நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வாசல்ல ஓடிக்கிட்டு நிக்குது."

ரப்பர் அசிட்

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்த கணக்கப்பிள்ளை ஒருவரிடம் ஒரு சிறு டீசல் பிக்கப் இருந்தது. கன்னத்தில் சவர நுரையின் மிச்சத்தோடு ஒருநாள் கடைக்கு ஓடி வந்தார். வண்டி இரண்டு நாளாக அசையவில்லையாம். பெட்டரியில் நீர் குறைந்திருந்ததால் அவரே நிரப்பினாராம். என்ன நிரப்பினீர்கள் என்று கேட்டேன். அசிட் என்றார். எந்த அசிட் என்றேன். வீட்டில் இருந்த அசிட் என்றார்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கத் தோட்டங்களில் ஊற்றும் அசிட் அது. பெட்டரிக்குள் இருப்பதோ கந்தக அமிலம். நீர் குறைந்தால் வடித்த நீர் மட்டுமே சேர்க்க வேண்டும், எந்த அமிலமும் கூடாது. பெட்டரியைத் திறந்தபோது எழுந்த நெடியில் ரப்பர் ஸ்டோரின் வாசலில் நிற்பது போலிருந்தது. தகடுகள் பாழ். புதிய பெட்டரியை எடுத்துக்கொண்டு அவர் மனத்தாங்கலுடன் சொன்னார்: "அசிட்னா அசிட்தானேங்க. இம்புட்டுப் பாலை உறைய வைக்கிறதுக்கு ஒரு பெட்டரிய ஓட வைக்கத் தெரியாதா?"

சரிவை நம்பியவர்கள்

மலைத்தோட்டச் சாரதிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை இரவில் எப்போதும் சரிவில், முகம் பள்ளத்தை நோக்கியிருக்க நிறுத்துவார்கள்; சக்கரத்தின் கீழ் ஒரு கல். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், உருளும்போது கியரில் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பெட்டரியும் வேண்டாம், எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கும் வேண்டாம். லொறி, வேன், பங்களா முற்றத்து ஜீப் என்று அந்த மலையில் எல்லாமே கீழ்நோக்கியே நின்றன. நோயை மறைக்கும் மருந்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சிவலிங்கமும் வேனை அப்படித்தான் நிறுத்துவான். ஒரு விடியற்காலை கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. வேன் சரிவில் உருண்டு, உயிர் பெற்று, லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது. டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற துரையின் கட்டளைப்படி, காத்திருந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்தினான். அது சமதரை. எஞ்சின் மறுபடி பிடிக்கவில்லை. தள்ளினார்கள், ஈரப் புல்லில் கால்கள் வழுக்கின. கடைசியில் டிராக்டர் பெட்டியில் சாக்கு விரித்து அவளை ஏற்றினார்கள். பாதி வழியில், மழைத்தூறலில், லெட்சுமி கையில் ஓர் ஆண் பிள்ளை வந்து சேர்ந்தது. தாயும் சேயும் நலம். துரை வேனை விற்க முடிவு செய்தார். மறுநாள் என் கடையில் வந்து நின்ற லெட்சுமி இருக்கையில் அமரவில்லை. "டீச்சரம்மா, வேன் போனா வேற எதுவும் வரப்போறதில்ல. ஆனா அந்தப் பெட்டியில இன்னொரு புள்ளைய நான் புடிக்க மாட்டேன். நீங்க தொரைக்கிட்ட பேசுங்க."

நான் பேசினேன். வேனில் குறையில்லை, பராமரிப்பில்தான் குறை என்றேன். சமதரையில், இரவு முழுவதும் பனியில் நின்றபின், முதல் திருப்பில் அது இயங்கும் என்றும் சொன்னேன். பண்டார துரை சிரித்தார். "டீச்சர், தள்ளினா ஓடுறது வேன் இல்ல, கரத்தை வண்டி. சரி, பார்ப்போம். முதல் திருப்பில."

பட்டினி கிடந்த எஞ்சின்

மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். பியதாச பாஸின் கராஜில் வேனைப் பிரித்தபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தை மறைக்க நான் முயலவில்லை. எரி அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கில் இரண்டு கருகியிருந்தன. டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பெட்டரி முனைகளில் வெண்பச்சைப் பொருக்கு. எண்ணெய் தார் போலிருந்தது. ஒவ்வொரு குற்றவாளியும் தன் இடத்திலேயே அகப்பட்டது. வினாத்தாளில் நான் எதிர்பார்த்த கேள்விகளே வந்தது போன்ற மகிழ்ச்சி. பிளக்குகளை மாற்றினோம், தண்ணீரை வடித்தோம், முனைகளைச் சுடுநீரால் கழுவித் தேய்த்தோம், எண்ணெயை முழுவதும் இறக்கி இளகிய எண்ணெயை ஊற்றினோம்.

மறுநாள் காலை கராஜின் சமதரையில் பாஸ் சாவியைத் திருப்பினார். ஒரு முனகலும் இல்லை, உறுமலோடு எழுந்தது. நிறுத்தி, குளிர விட்டு, அடுத்த காலை மறுபடி இயக்கச் சொன்னேன். அதற்கடுத்த காலையும் சொன்னேன். தேவையிருந்து சொல்லவில்லை, அந்த ஓசையைக் கேட்க வேண்டும் போலிருந்தது. பியதாச பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எஞ்சின் ஹொந்தாய், டீச்சர், நல்ல சாமான். இவ்வளவு நாளும் பட்டினி போட்டுட்டு, நொண்டுது நொண்டுதுன்னு ஏசியிருக்காங்க."

தணல் சட்டி

சோதனைக்கு முந்திய மாலை வேனைக் கீழ் லயத்துச் சமதரையில் நிறுத்தினோம். யாரும் தள்ளிவிடக் கூடாதென்று துரை தம் ஜீப்பையே கொண்டுவந்து, வேனின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்திப் பூட்டினார். பின்புறம் லயத்துச் சுவர். இரண்டு சாவிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார்.

விடிந்ததும் நான் போய்ச் சேர்ந்தபோது, சிவலிங்கம் ஒரு மண்சட்டியில் தணலை ஊதிக்கொண்டிருந்தான். எஞ்சினின் அடியில் வைத்து எண்ணெயைச் சூடாக்கும் எண்ணம். சட்டி இன்னும் வேனுக்கு அடியில் போகவில்லை. நான் லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து வந்து தணலில் ஊற்றினேன். புகை எங்கள் இருவரையும் மூடியது. எண்ணெய் தன் குணத்தால் இளகி நிற்க வேண்டும். நெருப்பின் தயவால் வரும் வெற்றி எனக்கு வேண்டாம் என்றேன். சிவலிங்கம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என்னிடம் அவன் குரல் உயர்த்தியது அந்த ஒருநாள்தான்: "நீங்க ஜெயிக்கணும்னு பாக்குறீங்க, டீச்சரம்மா. எனக்கு வண்டி இருக்கணும், அவ்வளவுதானுங்க. வண்டி போனா நாளைக்கு நான் மருந்தடிக்கிற கேனைத் தூக்கணும்."

முதல் திருப்பு

துரை பங்களாவிலிருந்து நடந்து வந்தார். நான் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். உள்ளே எண்ணெய் சுண்ணாம்புக் கட்டி போல் வெளுத்திருந்தது. அதைக் கண்டு துரை புன்னகைத்தார், நானும் புன்னகைத்தேன். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை.

துரையிடம் சாவியை வாங்கிக்கொண்டு சிவலிங்கம் ஏறி உட்கார்ந்தான். சாவியைப் பாதி திருப்பினான். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஹீட்டர் பிளக் சூடாகும்வரை அது எரியும், அணைந்தபின்னரே முழுதும் திருப்ப வேண்டும். அது அணைய ஆகும் நேரம் சொற்பமே. ஆனால் அன்று நான் நொடிகளை எண்ணினேன். இத்தனை பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வையாளராக நின்றும் நான் அப்படி எண்ணியதில்லை. லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். விளக்கு அணைந்தது. சிவலிங்கம் அவசரப்பட்டுவிடுவானோ என்று பார்த்தேன். அவசரப்படவில்லை. ஒரு மூச்சு இழுத்து, திருப்பினான்.

எஞ்சின் எழுந்தது. வெண்புகை ஒரு கொத்து வெளிவந்து, கலைந்து, ஓசை சீரானது. லயத்து வாசல்களில் நின்ற பெண்கள் கைகொட்டினார்கள். பியதாச பாஸ் வேனின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். லெட்சுமி கண்ணைத் திறந்து, துரையைப் பார்த்து, "தொரை, வண்டிய ஒருக்கா ரோட்டு வரைக்கும் ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

நியாயமான கோரிக்கை. அதற்கு ஜீப் வழிவிட வேண்டும். பண்டார துரை ஜீப்பில் ஏறினார். சாவியைத் திருப்பினார். தேன்பாகில் அகப்பட்ட ஈயைப் போல எஞ்சின் ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி திருப்பினார், அரைச் சுற்று. மூன்றாம் முறை ஒரு சொடக்கு ஓசை மட்டும் கேட்டது. வேன் பக்கத்தில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கு இனி அங்கே வேலையில்லை.

துரை கண்ணாடியை இறக்கி, "இது தினமும் காலையில நல்லா ஸ்டார்ட் ஆகுதே" என்றார், யாரிடம் என்றில்லாமல். சிவலிங்கம் வேனிலிருந்தபடியே, மிகவும் பணிவாகப் பதில் சொன்னான்: "ஆகுதுங்க தொரை. பங்களா டிரைவர் அதைத் தினம் வாசல் எறக்கத்துல உருட்டித்தானுங்க ஸ்டார்ட் பண்றாரு. தள்ளலாம்னா இங்க எறக்கம் இல்லீங்களே."

பண்டார துரை இறங்கினார். ஜீப்பின் சாவியைப் பியதாச பாஸின் எண்ணெய்க் கையில் வைத்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பங்களாவுக்குப் போகும் ஏற்றத்தில் நடந்து மறைந்தார்.

வாடிக்கையாளர் நம் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார் என்பதை எங்கள் தொழிலில் அவர் வாயால் அறிவதில்லை, அவர் கால்நடையாகப் போவதைக் கண்டுதான் அறிகிறோம்.