ஒரு முழ இடத்தில் பால் காய்ச்சிய டீச்சர்

சின்னமனூரில் பொன்னாத்தாள் இருபத்திரண்டு வருஷமாகச் சமூக அறிவியல் டீச்சர். அணிசேராமைப் பாடத்தை அவளைப்போல் நடத்த அந்த வட்டாரத்தில் ஆளே கிடையாது. அமெரிக்கா ஒரு பக்கம், ரஷ்யா ஒரு பக்கம் என்று மல்லுக்கு நின்ற காலத்தில், நேற்றுச் சுதந்திரம் வாங்கிய நம் நாடு, "எங்களுக்கு ரெண்டு பேரும் வேணும், யார் சண்டையும் வேணாம்" என்று நிமிர்ந்து நின்ற கதையைச் சொல்லும்போது அவளுக்கே புல்லரிக்கும்.

மார்க்கையன்கோட்டையில் அவள் அண்ணன் கர்ணனும் தம்பி விஜய்ராஜும் அப்பா மனையில் அடுத்தடுத்து வீடு கட்டினார்கள். நடுவில் ஒரு முழ இடம் யாருக்கு என்பதில் பேச்சு நின்றுபோய் நாலு மாதம். கூத்தைப் பாருங்கள், இருவரும் தனித்தனியாக ஒரே ஜோசியரிடம் போய், ஒரே ஞாயிற்றுக்கிழமை, அதே ஒன்பது மணி முகூர்த்தத்தைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டியது உடன்பிறந்தவள். இருப்பதோ ஒரே ஒருத்தி.

"ஆத்தா பொன்னு, மூத்தவன் வீட்டுலதான நீ காய்ச்சணும்?" என்றார் கர்ணன். அவர் தெரு முனை தாண்டவில்லை, தம்பி வந்துவிட்டான். "அக்கா, அங்கன போனீகன்னா எனக்கு அக்காவே இல்லன்னு நெனச்சுக்கிருவேன்."

"அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் வரல." இருவருக்கும் இதே பதில்தான். புருஷன் ஈஸ்வரபாண்டியிடம், "இதுதான் அணிசேராமை" என்று பெருமையடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து இரண்டு வீட்டிலும் அவள் போனை எடுக்கவில்லை.

"ஒருத்தன் போயிருவான்னு பயந்து ரெண்டு பேரையும் விட்டுட்டியே" என்றார் ஈஸ்வரபாண்டி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்த வீடே இல்லாமல் போய்விடுமோ?

வெள்ளிக்கிழமை வகுப்பில் கொரியப் போர் வந்தது. வருஷா வருஷம் ஓட்டமாக வாசித்துத் தள்ளுகிற பத்தி. சண்டை ஓய்ந்ததும், ஊர் திரும்ப மறுத்த கைதிகளை யார் பொறுப்பில் விடுவது என்று இழுபறி. இரு தரப்பும் ஒத்துக்கொள்ள, இந்தியப் படை போய்க் காவல் நின்றது. பொன்னாத்தாள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அட கூறுகெட்டவளே, அணி சேராதவன் வீட்டிலா உட்கார்ந்திருந்தான்? நடுவில் போயல்லவா நின்றான்!

ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்காலுக்கு ஆட்டோவில் போய் இறங்கினாள். கையில் புதுப் பானை, விறகு, பால். எந்த வாசலிலும் ஏறவில்லை. அந்த ஒரு முழ இடத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பை மூட்டினாள்.

"ஏத்தா, இது என் இடம்!" என்று ஓடி வந்தார் கர்ணன்.

"அக்கா, இது என்னோடது!" என்று மறுபக்கம் விஜய்ராஜ்.

"அப்பச் சரி. ரெண்டு பேரு இடத்துலயும்தான் காய்ச்சுறேன். குறை இருந்தாச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே பானையை ஏற்றிப் பாலை ஊற்றினாள். பால் பொங்கும் நேரம் பார்த்து ஒரு செங்கல் நழுவ, பானை சாய்ந்தது. இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேர் துண்டோடு பாய்ந்து பிடித்தார்கள்.

"விட்றாதீகண்ணே!" என்று கத்தினான் விஜய்ராஜ்.

"மொதல்ல நீ விடாம இருடா" என்றார் கர்ணன்.

நாலு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. பால் நாலா பக்கமும் பொங்கி வழிந்தது. டீச்சர் விளிம்பு வரை ஊற்றியதே அதற்குத்தானே!

அந்த இடம் யாருக்கு என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் மூன்று செங்கல்லையும் இதுவரை யாரும் எடுக்கவில்லை. வாராவாரம் போகிற பொன்னாத்தாள் ஒரு வீட்டில் காப்பி குடித்தால் மறு வீட்டிலும் குடித்தே ஆக வேண்டும். "சக்கரை ஏறப்போகுது" என்று ஈஸ்வரபாண்டி கேலி செய்வார்.

"ஏறட்டும். எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்பாள் அவள்.