திக்லிபூர்க் காட்டுக் குளம்

போர்ட் பிளேயரில் விமானம் இறங்கும்போது மழை பெய்துகொண்டிருந்தது. டிசம்பர் மாதம். சுனாமி அலை வந்துபோய் எட்டு வருடம் ஆகியிருந்தது.

நான் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. நானும் என் தோழி மாலதியும் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் சொகுசுக் கூடாரங்கள் வைத்து நடத்துகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் கூடாரம். உள்ளே கட்டில், மெத்தை, சுடுதண்ணீர் எல்லாம் இருக்கும். இதற்கு கிளாம்பிங் என்று பெயர். எங்களிடம் வந்து தங்குபவர்கள் அடுத்து கடல் வேண்டும் என்றார்கள். கடலை ஒட்டிக் காடும், காட்டுக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாட நல்ல தண்ணீரும் இருக்கிற இடம் எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது மாலதிதான் அந்தமான் என்றாள். இடம் பார்க்கிற வேலை என்னுடையது.

முதல் நாள் சௌல்தாரிக்குப் போனேன். போர்ட் பிளேயரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். "நிலத்தை ஒட்டியே தண்ணி மேடம்" என்று தரகர் போனில் சொல்லியிருந்தார். தண்ணீர் இருந்தது. ஆனால் அது வயல். பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் தரை தாழ்ந்துவிட, உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத உப்புத் தண்ணீரின் நடுவே தலை போன பாக்கு மரங்கள் வரிசை குலையாமல் நின்றிருந்தன.

"டூரிஸ்ட்டுக்கு போட்டோ எடுக்க நல்லாயிருக்கும் மேடம்" என்றார் தரகர்.

நான் படம் எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அன்று மாலை, தங்கியிருந்த விடுதிக்காரர் ஒரு போன் நம்பரைக் கொடுத்து, வடக்கே திக்லிபூர்ப் பக்கம் செல்வராசு என்று ஒரு தமிழர் நிலம் வைத்திருக்கிறார், வாடகைக்கு விடத் தயாராக இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

திக்லிபூர் பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பியது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் எல்லாம் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் நுழைந்தன. அங்கே நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு பஸ்ஸையே படகில் ஏற்றி உப்புக் கழியைக் கடந்தார்கள். சற்று தூரம் போய் இன்னொரு கழி, இன்னொரு படகு.

பக்கத்து இருக்கையில் கப்பல் துறையில் ஃபிட்டராக இருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் மாயாபந்தருக்குப் போய்க்கொண்டிருந்தார். சௌல்தாரியில் பார்த்ததைச் சொன்னேன்.

"வடக்க உல்டா மேடம்" என்றார். "சௌத்ல ஜமீன் முங்கிருச்சு. நார்த்ல தரை மேல வந்திருச்சு. கடலுக்கு அடியில கெடந்த பாறையெல்லாம் இப்ப வெளிய காயுது."

"அப்படின்னா அங்கே நிலம் நல்லா இருக்குமா?"

"இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பழைய மாதிரி எங்கயும் இல்ல" என்றார்.

திக்லிபூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. அங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. அறை வாடகை எண்ணூறு ரூபாய். ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

காலையில் செல்வராசு ஜீப்போடு வந்து காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார். இடுப்பு சரியில்லை என்று நடையைப் பார்த்ததும் தெரிந்தது. தென்னையிலிருந்து விழுந்ததில் என்று அவரே பிறகு சொன்னார்.

"வாங்கம்மா. நாஷ்தா ஆச்சுங்களா? இல்லன்னா வீட்டுல ரொட்டி சுட்டு வச்சிருக்கு" என்றார்.

பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் பெற்றோரோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து நிக்கோபாரில் கட்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயே வளர்ந்து, பால் வெட்டி, கல்யாணம் முடித்தார்.

"ஒரே மக. பதினோரு வயசு. அலையில போயிட்டா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் அங்க இருக்க முடியல. இங்க பாக்கியத்தோட அண்ணன் இருந்தாரு. இப்ப அவரும் மெயின்லேண்ட் போயிட்டாரு. நாங்க ரெண்டு பேருதான்."

பாக்கியம் அவர் மனைவி. வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இடத்தைப் பார்த்தேன். தென்னைகளுக்கு அப்பால் மணல். மணலுக்கு அப்பால், பஸ்ஸில் வந்தவர் சொன்னது போல, கடலை விட்டு மேலே வந்த பவளப்பாறை. எலும்பு நிறத்தில் வெகுதூரம் காய்ந்து கிடந்தது. அலை அதற்கும் வெளியே எங்கேயோ சத்தமிட்டது. வலது பக்கத்தில் முன்பு ஒரு ஓடை கடலில் சேர்ந்ததாம். தரை உயர்ந்ததும் அதன் வாய் அடைபட்டு, இரண்டு கரையிலும் சதுப்பு மரங்கள் பட்டுப்போய்ச் சாம்பலாக நின்றன. விருந்தாளிகளுக்கு இதைக் காட்ட முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"குளத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் செல்வராசு.

வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம். பிறகு மரங்கள் விலகின. வட்டமான குளம். ஒரு கரை முழுக்கத் தாழம்புதர். மறு கரையில் சாய்வான புல்தரை, அதில் ஆறேழு கூடாரங்கள் தாராளமாகப் போடலாம். மழையின் நடுவே அரை மணி நேரம் வெளுத்த வெளிச்சம் வந்தது; தண்ணீர் அடியில் கிடந்த இலைகள் வரை தெரிந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்து, கால்களை முழங்கால் வரை தண்ணீரில் விட்டுக்கொண்டேன். மூன்று நாள் அலைச்சல் அப்படியே இறங்கியது.

செல்வராசு எனக்குப் பின்னால் மூங்கில் கழியோடு நின்றார்.

"எந்திரிங்கம்மா. தண்ணி ரொம்ப குளிரு."

"நல்லா இருக்குண்ணே. கொஞ்ச நேரம்."

"காய்ச்சல் வந்திரும். எந்திரிங்க" என்றார் மறுபடியும். இந்த முறை என் தோளுக்கு அருகில் கையை நீட்டிவிட்டார். வயதில் மூத்தவரின் அக்கறை என்று எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அங்கே போனில் சிக்னல் இல்லை. கூட்டுரோடு வரை நடந்துபோய் மாலதியைக் கூப்பிட்டேன்.

"கிடைச்சிருச்சு" என்றேன்.

"குழந்தைங்க குளிக்கலாமா?"

"தாராளமா" என்றேன்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள். மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் சாப்பிட்டோம். கூரையில் மூன்று இடங்களில் ஒழுகியது. கீழே பாத்திரங்கள் வைத்திருந்தார்கள். கூடாரம் வந்தால் சமையல் பொறுப்பு பாக்கியத்துக்கு, தோட்டமும் காவலும் தனக்கு என்று செல்வராசு கேட்டுக்கொண்டார். நான் சரி என்றேன். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசிவிட்டு வருவதாகச் செல்வராசு கிளம்பிப் போனார். மழை விடவில்லை. பாக்கியம் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் எதிரே பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"கூடாரத்துல படுக்க எதுக்கும்மா காசு குடுக்குறாங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அலைக்கப்புறம் நாங்க போர்ட் பிளேயர் கேம்ப்ல கூடாரத்துலதான் கெடந்தோம். காத்தடிச்சா புடிச்சிக்கிட்டே ஒக்காந்திருக்கணும்."

எங்கள் கூடாரங்களில் கட்டில், மின்விசிறி எல்லாம் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். "ஊர்லேருந்து விலகி இருக்கணும்னு வர்றாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சின்னப் புள்ளைகளும் வருவாங்களா?"

"அவங்கதான் நிறைய வருவாங்க. தண்ணியைப் பாத்தா விட மாட்டாங்க."

துருவுவது நின்றது. பாதி துருவிய மூடியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தக் குளத்துல மொதல இருக்கும்மா."

முதலை என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"ஓடையில இருந்தது. ஓடை காஞ்சதும் காட்டு வழியா ஏறி வந்திருச்சுன்னு சொல்றாங்க. எங்க ஆடு ரெண்டு போச்சு. போன மழையில பக்கத்து நெலத்துப் பெங்காலி ஐயாவோட மருமக துணி அலசப் போனா. காலைப் புடிச்சிருச்சு. ஆளுங்க மூங்கிலால குத்திப் புடுங்குனாங்க. உசுரு இருக்கு. கால் இல்ல." மூச்சு விட்டுக்கொண்டார். "ஜங்கிள் ஆபீஸ்காரங்க போர்டு நட்டிருந்தாங்க. நீங்க வர்றீங்கன்னதும் அவருதான் புடுங்கி வச்சிட்டாரு. ஆளுங்க வந்து எடம் சுத்தமானா அது போயிரும்னு சொல்றாரு. போகாதும்மா."

டம்ளரைக் கீழே வைத்தேன். என் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். நேற்று தண்ணீர் ஏறியிருந்த உயரம் வரை தோல் சிலிர்த்தது.

"ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். ஒழுகும் கூரையின் கீழே அந்தம்மா உட்கார்ந்திருந்தார்; சமையல் வேலை அவருக்கென்று நேற்றுதான் பேசியிருந்தோம்.

"எம்புள்ள அன்னிக்கு சங்கு பொறுக்கணும்னு கடக்கரைக்குப் போனா. போகாதன்னு சொல்ல யாருக்கும் தெரியல. தெரிஞ்சா யாராச்சும் சொல்லியிருப்பாங்க." மறுபடியும் துருவ ஆரம்பித்தார். "இது எனக்குத் தெரியுதே."

நான் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன்.

"அண்ணன் உங்களைத் திட்டுவாரா?"

"மாட்டாரு. பேசாம இருப்பாரு. அதுதான் தாங்காது."

செல்வராசு நனைந்துகொண்டே வந்தார். தலைவர் சம்மதித்துவிட்டார், காகிதம் மட்டும் பாக்கி என்று சந்தோஷமாகச் சொன்னார். கையில் எனக்காக ஒரு பிஸ்கட் பாக்கெட். நான் அதற்குள் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: பாதை மோசம், ஆம்புலன்ஸ் வராது, கடலோர விதிப்படி அனுமதி கிடைப்பது கஷ்டம். எல்லாம் உண்மைதான். ஆனால் நேற்றே எனக்கு இவையெல்லாம் தெரிந்தே இருந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்கம்மா" என்றார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் அதிகாலை அவரே திக்லிபூர் பஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்து, என் பையை மேலே ஏற்றிவிட்டார். பஸ் புறப்பட நேரம் இருந்தது. என் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"அவ சொல்லிட்டா, இல்லைங்களா?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க காலை உள்ள விட்டதும் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்திச்சு" என்றார். "குளிரும்னுதான் சொல்ல வந்திச்சு. மத்தது வரல. இந்த இடுப்போட இனி மரமேற முடியாதும்மா. வேற எதுவும் தோணல."

"போர்டைத் திரும்ப நட்டுருங்கண்ணே."

"நேத்து சாயங்காலமே நட்டுட்டேன்" என்றார்.

பஸ் கிளம்பியது. அவர் கையசைக்கவில்லை, பையை ஏற்றியபோது ஈரமான கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். மாயாபந்தர், ரங்கத், கழிகள், காடு என்று வந்த வழியே திரும்பினேன். எதையும் பார்த்த நினைவில்லை.

ஏற்காட்டில் மாலதி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சரியாக விசாரிக்காமல் "கிடைச்சிருச்சு" என்று ஏன் சொன்னாய் என்பதுதான் அவள் கோபம். நியாயமான கோபம். எங்கள் தோட்டத்தில் மாலையானால் பனி இறங்கும். விருந்தாளிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு கூடார வாசலில் சீட்டாடுவார்கள். பிள்ளைகள் இருட்டில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். அட்டைப்பூச்சியைத் தவிர பயப்பட அங்கே ஒன்றுமில்லை. இந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. நினைத்த பிறகு, அது எனக்கு முழு நிம்மதியாகவும் இல்லை. அந்தக் கூரை இப்போது எத்தனை இடத்தில் ஒழுகுகிறதோ என்று மழை வரும்போதெல்லாம் தோன்றியது.

அடுத்த வெயில் காலத்தில் ஒருநாள் செல்வராசு கூப்பிட்டார். கூட்டுரோட்டிலிருந்து பேசுகிறார் என்பது இரைச்சலில் தெரிந்தது.

"அம்மா, அதைக் கூண்டு வச்சுப் புடிச்சிட்டாங்க. லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப குளம் சுத்தம். ஒரு தடவை வந்து பாருங்க."

எனக்கு உடனே சரி என்று சொல்லத் தோன்றியது. அந்தப் புல்தரையும் தண்ணீரும் கண்முன் வந்தன. பக்கத்தில் மாலதி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம் அக்கா பக்கத்துல இருக்காங்களாண்ணே?" என்று கேட்டேன்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"நல்லாயிருக்கீங்களாம்மா?" என்றார் பாக்கியம்.

"நல்லாயிருக்கேங்க்கா. பிடிச்சிட்டாங்களாமே?"

"ஆமா" என்றார். பின்னால் ஒரு லாரி கடந்து போனது. அது போகும்வரை பொறுத்திருந்தார். "ஒண்ணைப் புடிச்சிருக்காங்க."