மோதினாரிடம் இருந்த எண்ணிக்கை

2013 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். நல்ல வெயில், கடற்காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் கிணற்றடியில் மோதினார், மையித்துக் குளிப்பாட்டும் பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பாங்கு சொல்வதும் இறந்தவர்களைக் குளிப்பாட்டுவதும் அவர் வேலை. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மனைவி மௌத்தாகி, அவளை அடக்கி அன்றைக்கு இருநூற்றுப் பதினொரு நாள். யுத்தம் முடிந்ததும் மகன் மன்னாருக்கே திரும்பிவிட்டான். தொண்ணூறில் ஊரோடு அங்கிருந்து விரட்டப்பட்டு வந்த நான் நுரைச்சோலைக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் தனித்துப்போனேன்.

எதையும் முன்கூட்டியே கேட்டு ஒழுங்குபடுத்தாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. தன்னுயிரைத் தானே எடுத்தவனுக்கு ஊர் கூடி ஜனாஸாத் தொழுமா, அந்தக் கடைசித் தொழுகை கிடைக்குமா என்று அவரிடம் கேட்டேன்.

“ஆருக்குச் சேர் கேக்கிறீங்க?”

“சும்மா ஒரு கதைக்கு. எங்கட ஊர்ல அப்படி ஒண்டும் இல்லையே. இருபத்து மூணு வருஷமாப் பாக்கிறன், பூச்சியம்.”

“எண்ணினது நீங்க. கழுவினது நான். மூணு பேர்.”

மூவரும் நெஞ்சுவலியில் போனதாகத்தான் ஊர் அறிந்திருந்தது. பெயர்களை அவர் கடைசிவரை சொல்லவில்லை. பாவம் என்ற பயம் சிலரைத் தடுத்திருக்கும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நினைப்பு வந்தவன் அதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் ஊரில் ஓர் ஆள் இருக்கவில்லை. சொன்னால் ஈமான் இல்லாதவன், அல்லாஹ்வை நம்பாதவன் என்பார்கள். பூச்சியத்தைக் காட்டிப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதே பூச்சியம்தான் என் வாயையும் அடைத்திருந்தது.

“உங்களுக்கா?” என்று நேரே கேட்டார்.

“ஓம்.”

அவர் திட்டவில்லை, ஓதிக் காட்டவுமில்லை. ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க ஆறடி, இந்தப் பலகை அஞ்சரை. என்னக் கஷ்டப்படுத்தாதீங்க சேர்.” இருநூற்றுப் பதினொரு நாளில் அன்றுதான் சிரித்தேன்.

மறுநாள் காலை ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சந்தியில் எங்கே பயணம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், “சேருக்கு மனசு சரியில்ல, மருந்தெடுக்கப் போறம்,” என்று காய்ச்சலைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் கோபம் பொங்கியது.

“ஊருக்கே பாங்கு சொல்றீங்களா?”

“அதுதானே என்ட வேலை.”

அந்தக் கிழமை முடிவதற்குள் இரண்டு பேர், தனித்தனியாக, என் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் அந்த மனநலக் கிளினிக் எந்த நாளில் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். ஒருவரை நானே கூட்டிப்போனேன். இருவரும் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். மோதினார்தான் இல்லை. உயிரோடிருந்த காலத்தில் அவருக்கு நன்றி சொல்லப் போனால், நேற்று ஏன் ஜமாஅத்துத் தொழுகைக்கு வரவில்லை என்று கதையை மாற்றிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. ஓட்டோவுக்கு ஆயிரத்து நானூறு, தேத்தண்ணிக்கும் பாணுக்கும் நூற்றிருபது. பாதியை அவர் தர வந்தார், நான் விடவில்லை. என் உயிருக்கு நான் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய்.